மேட்டில் வீடு காட்டுதல்

வீடு இல்லை என்று சொன்னதற்கு அப்பா அறைந்தார். வீட்டுக்குள் நின்றுகொண்டேதான் அறைந்தார். கொளஞ்சியின் தோள் போய்ச் சுவரில் இடித்தது, சுவர் கெட்டியாக இருந்தது, ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடி நின்றது, கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், ரவை தீயும் வாசனை வந்தது. இவ்வளவும் இருந்தது. வீடுதான் இல்லை.

"யார்ரா உன்ன நம்ம ஊட்டப் பாக்கச் சொன்னது?" என்றார் அப்பா தெய்வசிகாமணி.

"யாரும் சொல்லல. செடிக்குத் தண்ணி உட விடிகாலம் மேட்டுக்குப் போனன். கோபுரம் தெறந்து கெடந்துச்சி. ஏறிப் பாத்தன்."

"பாத்து?"

"நம்ம தெரு இல்ல. எதிர்த் தெரு இல்ல. மாரியம்மன் கோயிலுக்கு இந்தாண்ட பூரா குழி. அடியில கரி கறுப்பாக் கெடக்குது, மிஷின் நிக்குது."

அப்பா மறுபடி கையை ஓங்கினார். அதற்குள் அக்கா வளர்மதி பாதி பின்னிய சடையோடு நடுவில் வந்து நின்றாள்.

"அவன அடிச்சா ஊடு வந்துடுமா?" என்றாள்.

அப்பா கையை இறக்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிடும். வந்தால் டீ குடித்துவிட்டு நேராக மேட்டுக்குத்தான் போவார்கள்.

மேட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் அது இப்போது அதிசயமில்லை. சுரங்கக் கம்பெனி நிலக்கரி எடுக்கத் தோண்டியபோது மேலே கிடந்த மண்ணை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே என்று கிழக்கே கொண்டுபோய்க் கொட்டியது. முதலில் வயல் மண்ணைக் கொட்டியது, அதன்மேல் வீடுகள் நின்ற மண்ணைக் கொட்டியது, அதன்மேல் கிணற்றடிச் செம்மண்ணை, அதற்கும் அடியிலிருந்த மஞ்சள் மணலை, அதற்கும் அடியிலிருந்த வெள்ளைக் களியை என்று கொட்டக் கொட்ட, மேலே இருந்ததெல்லாம் அடியிலும் அடியில் இருந்ததெல்லாம் மேலேயுமாக ஒரு மலை எழுந்தது. அதுவரை மலையையே பார்க்காத பிள்ளைகள் படம் வரையும்போது மலை வரைந்து சூரியனை அதன் பின்னால் வைக்கப் பழகினார்கள். கொட்டி முடித்ததும் கம்பெனி அதன்மேல் வேம்பும் முந்திரியும் நட்டு, சிமெண்டில் மான் செய்து வைத்து, உச்சியில் தண்ணி டேங்க் மாதிரி தலை பெருத்த ஒரு கோபுரத்தைக் கட்டி, 'இயற்கைக் காட்சிக் கோபுரம்' என்று பலகை மாட்டியது. ஒரு பக்கம் முழுக்கக் குழியை வைத்துக்கொண்டு அப்படி எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். கம்பெனிக்கு இருந்தது.

திறப்பு விழா முடிந்த மறு வாரம், ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் ஏறிப் பார்த்தார். அவருடைய ஊர் இருக்கவேண்டிய இடத்தில் குழி இருந்தது. இறங்கி, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்கு ஓடினார். ஊர் இருந்தது, டீக்கடை பெஞ்சில் அவர் உட்காருகிற இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்து அவருடைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னார், சிரித்தார்கள். மறு வருஷம் ஊரைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதற்கும் மறு வருஷம் அந்த ஊர், கோபுரத்திலிருந்து அவர் எப்படிப் பார்த்தாரோ அப்படியே, கரையில் ஒற்றை வேப்பமரம் வேர் தெரியச் சாய்ந்து நின்ற சாய்வுகூட மாறாமல் குழியாகிக் கிடந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கோபுரத்திலிருந்து பார்த்தால் தங்கப்போவது தங்கியபடி தெரியும், போகப்போவது இப்போதே போயிருக்கும், அவ்வளவுதான். மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி ஜனங்கள் மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

முதலில் மனு கொடுத்தார்கள். எங்கள் ஊர் கோபுரத்திலிருந்து தெரியவில்லை, ஆவன செய்ய வேண்டும் என்று எழுதினால் யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். அப்படி ஒரு திட்டமே கிடையாது, இது காட்சிப்பிழை என்று பதிலும் வந்தது. பதிலோடு நிற்காமல் கம்பெனி இலவசக் கண் முகாம் வேறு நடத்தியது. சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்து, எழுத்துப் படிக்கச் சொல்லி, ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி கொடுத்து அனுப்பியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏறிப் பார்த்தபோது குழி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கம்பெனி ஆபீசர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏறத்தான் செய்தார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை. அந்த ஊர்கள் அவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் தெரிந்தன.

பிறகு ஜனங்கள் அதை வைத்துக்கொண்டே பிழைக்கப் பழகினார்கள். கொத்தனார் மேட்டுக்குப் போய்வராமல் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டமாட்டேன் என்றார். போர் போடுகிறவன் லாரியை மேட்டடியில் நிறுத்தி, ஏறி இறங்கி வந்த பிறகுதான் குழாயைத் தொட்டான். பலாக்கன்று வாங்கப் புறப்பட்டவர்கள் வழியில் மேட்டில் ஏறிவிட்டு, பலாவை விட்டு சவுக்கு நாற்று வாங்கிக்கொண்டு திரும்பினார்கள், சவுக்கென்றால் சீக்கிரம் வெட்டிவிடலாமே. பேங்க் மேனேஜர் சும்மா காற்று வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு கழுத்தில் பைனாகுலரோடு வந்தார். ஆடித் திருவிழாவில் சாமி வந்து ஆடியவள்கூட, புள்ளைக்கு ஊடு அமையுமா என்று கேட்டவனிடம், "மேட்டுல போய்ப் பாருடா" என்று சொல்லிவிட்டு மலையேறினாள். மேட்டடியில் பஜ்ஜிக் கடைகள் வந்தன. பஸ் கண்டக்டர்கள் "மேடு, மேடெல்லாம் எறங்கு" என்று கத்தினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏகாம்பரம் என்கிற பெயிண்டர் தன் வீட்டைத் தானே பார்த்துத் தொலைக்கிறவரை.

ஏகாம்பரம் இறங்கி வந்து தன் வீட்டு வாசற்படியில் நின்றவன் நின்றவன்தான். "உள்ள வாய்யா, சோறு ஆறுது" என்றாள் பெண்டாட்டி. "இல்லாத ஊட்டுக்குள்ள எப்பிடி நொழையறது, உழுந்துட மாட்டனா?" என்றான். தெருவில் உட்கார்ந்து தின்றான், மழையில் குடை பிடித்துக்கொண்டு தெருவிலேயே தூங்கினான், பிள்ளை உள்ளே போகும்போதெல்லாம் பாய்ந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தான், பிள்ளையின் கை பிசகிப் போனதும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டை இன்னும் யாரும் தோண்டவில்லை. அவன்தான் பஸ் நிழற்குடையில் கிடக்கிறான்.

அதற்குப் பிறகு சுற்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, எவனும் தன் வீட்டைத் தான் பார்க்கக்கூடாது என்று கட்டு வைத்தார்கள். அந்தக் கட்டிலிருந்து வந்ததுதான் வீடு காட்டுகிற வழக்கம். கல்யாணம் பேசினால் இரண்டு வீட்டாரும் மேட்டுக்கு வர வேண்டும். வீட்டுக்குத் தலையானவர்கள் கீழேயே நின்றுவிட வேண்டும். மேலே போனதும் பெண்ணின் தம்பியோ அண்ணனோ கிழக்குப் பக்கக் கைப்பிடிக் கம்பிக்கு முதுகைக் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே தன் வீடு இருக்கிற திசைக்குக் கை நீட்ட வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தக் கை வழியே பார்த்து, கீழே கேட்கிற மாதிரி "தெரியுது" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம் மாமன் கை நீட்ட, பெண் வீட்டுப் பையன் பார்த்து "தெரியுது" என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டு குரலும் விழுந்தால் கீழே கல்கண்டு கொடுப்பார்கள். தாலி கட்டும்போது அழாத அம்மாக்கள்கூட இந்தக் கல்கண்டுக்கு அழுதார்கள். ஒரு குரல் விழாவிட்டால் இரண்டு வேன்களும் இரண்டு பக்கம் போகும், யாரும் யாரையும் திட்டுவதில்லை.

கொளஞ்சி முறையை மீறி ஏன் முன்னாடியே பார்த்தான் என்றால், அவனுக்குக் காத்திருக்க வராது. பதினொண்ணாவது படிக்கும்போது, கணக்கு வாத்தியார் போர்டில் போட்ட கணக்கு தப்பு என்று சொன்னான். வெளியே நில் என்றார். வெளியே போனவன் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது காண்டிராக்டரிடம் மேட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறான். எல்லார் முன்னாலும் நின்று முழிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டுவிடலாம் என்று ஏறினான். தெரிந்துகொண்டான்.

"இங்க பாருடா," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது, அது அறையைவிடக் கஷ்டமாக இருந்தது. "அந்த மாமன் வைத்திலிங்கத்துக்குக் கண்ணுல பொரை உழுந்து கெடக்குதாம். தரகன் சொன்னான். அவுரு எதையும் பாக்கப்போறதில்ல. நீ கைய நீட்டு. அப்பறம் அவுரு கை நீட்டுவாரு, தெரியுதுன்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தைக்கு மேல உன் வாயில எதுவும் வரக்கூடாது. நோட்டீஸ் வர்றதுக்குள்ள இவள அனுப்பிடணும்."

"பொய் சொல்லச் சொல்ற."

"ஆமாண்டா, பொய்தான் சொல்லச் சொல்றன். நீ பெரிய அரிச்சந்திரன் பேரன். செடிக்குத் தண்ணி ஊத்தற பய."

வளர்மதி சடையை முடித்து, பூ வைத்து, பின்கட்டுக்குப் போய் அவனைக் கண்ணால் கூப்பிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, இவன் அம்மா வயிற்றில் இருக்கும்போது, பழைய செங்காட்டிலிருந்து அவர்களைக் குழிக்காக ஒருமுறை கிளப்பியாகிவிட்டது. அம்மியோடும் கதவோடும் அவளை லாரியில் தூக்கி வைத்தார்கள். கட்டிலைத் தூக்கப் போனவர்கள் அவளை மறந்துவிட்டார்கள், லாரி கிளம்பிவிட்டது, முகம் தெரியாத டிரைவரோடு இந்தப் புதுச்செங்காட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான், வீடே இல்லாத பொட்டலில் கதவுக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். இப்போதும் வெளியூருக்குப் போனால் சாமான்களை விட்டுத் தள்ளி நிற்கமாட்டாள்.

"அந்தப் பையன நான் பாத்தது ஒரே தரம்," என்றாள். "ஒர்க்‌ஷாப்புல வேல. பெருசா ஒண்ணும் புடிக்கல, புடிக்காமயும் இல்ல. எனக்கு அது இல்லடா முக்கியம். நம்ம ஊடு போவட்டும். அது போறதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். அவங்க ஊடு இருக்குதான்னு மட்டும் ஒழுங்காப் பாரு. இருந்தா தெரியுதுன்னு சொல்லு. இன்னொரு தரம் என்ன எவனும் தூக்கி வைக்கக்கூடாது."

"இல்லன்னா?"

"அப்பா சொல்றதச் சொல்லாத."

வேன் வந்தது. டீ குடித்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், ரவை தீய்ந்ததை யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அருள்மணி வாட்ச்சைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மேட்டுக்குப் போகும் வேனில், கூட வந்த பையன்கள் கொளஞ்சியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா மச்சான், கன்னம் செவந்திருக்கு? அக்காவ அனுப்பப்போறம்னு அழுதியா?"

"கொசு," என்றான் கொளஞ்சி.

"அஞ்சு வெரல் கொசு!" என்று ஒருத்தன் சொல்ல, வேன் முழுக்கச் சிரிப்பு.

மேட்டடியில் எல்லோரும் இறங்கினார்கள். அப்பாவும் அருள்மணியின் அப்பாவும் சிமெண்ட் மான் பக்கத்தில் நின்றுகொண்டார்கள், பெண்கள் கல்கண்டுத் தட்டோடு நிழலில் நின்றார்கள், மற்றவர்கள் ஏறினார்கள். வைத்திலிங்கம் முன்னால் ஏறினார், கனத்த மனிதர், வெள்ளைச் சட்டை, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினார். பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் பார்த்தார்.

"அதோ பாருங்கடா, ரயிலடி பக்கம், ஒருத்தன் ஆட்டுக்குட்டியத் தோள்ல போட்டுக்கினு போறான். ஒரு காது வெள்ள."

கொளஞ்சி பார்த்தான். ரயிலடிதான் தெரிந்தது. ஆளே புள்ளியாகத்தான் தெரிந்தான். இந்தக் கண்ணிலா புரை என்று நினைத்தான்.

உச்சியில் காற்று அடித்தது. முறைப்படி மாப்பிள்ளையும் பையன்களும் மேற்குப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். மேற்கே எல்லாம் எப்போதோ தோண்டி முடித்த குழி, அங்கே பார்த்துப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை, குழியைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கிழக்குக் கம்பியில் மாமனும் கொளஞ்சியும் மட்டும்.

"காட்டு தம்பி," என்றார் வைத்திலிங்கம்.

கொளஞ்சி முதுகைக் கம்பிக்குக் கொடுத்தான், முகத்தைத் திருப்பினான், கையை நீட்டினான். எங்கே நீட்ட வேண்டுமோ அங்கேதான் நீட்டினான். விடிகாலையில் பார்த்த இடம், கரியும் மிஷினும் கிடந்த இடம். மாமன் அவன் தோள்மேல் மோவாயை வைக்காத குறையாகக் குனிந்து கை வழியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூச்சில் கேசரி வாசனை அடித்தது. இதோ கத்தப்போகிறார், முடிந்தது, அக்காவுக்கு இதுவும் போனது என்று கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியுது!" என்று மாமன் கத்தினார்.

கீழே யாரோ கை தட்டினார்கள். கொளஞ்சி கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தான். குழி இருந்தது. காலையில் இருந்ததைவிட ஒரு தெரு கூடுதலாகவே இருந்தது. மாமனைப் பார்த்தான். மாமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தெரியுதுப்பா உங்க ஊடு," என்றார். "ஓட்டு ஊடு, வாசல்ல முருங்க மரம். நல்ல ஊடு."

"வாசல்ல முருங்க மரம் இல்ல."

"இருந்தா என்னா, இல்லாட்டி என்னா."

அவர் திரும்பி நின்றார், தென்கிழக்குப் பக்கம் முதுகைக் கொடுத்து, முகத்தை மேற்கே திருப்பி, கனத்த கையை நீட்டினார். பழக்கப்பட்ட கை மாதிரி இருந்தது. கொளஞ்சி அந்தக் கை வழியே பார்த்தான். முந்திரித் தோப்பு தெரிந்தது, தோப்புக்கு அந்தாண்ட ரோடு தெரிந்தது, ரோட்டுக்கு அந்தாண்ட மாப்பிள்ளையின் ஊரான ஓடைக்கரம்பை இருக்கவேண்டிய இடத்தில் ரோடே முறிந்துபோய்த் தொங்கியது. அதற்குக் கீழே சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் கறுப்பு, கறுப்பில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் வானம். ஊர் என்று ஒரு ஓடுகூட இல்லை.

கொளஞ்சி கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு தம்பி," என்றார் மாமன், முகத்தைத் திருப்பாமலே, உதட்டை அசைக்காமலே. "போன மாசம் நானே வந்து பாத்துட்டன். எனக்குத் தெரியாதா? பையனுக்குத் தெரியாது. அவங்கப்பனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அந்த ஆளு ஊட்டுக்குள்ள நொழையமாட்டான், எங்கக்கா என்னா பண்ணும்? உன் ஊடு குழி. என் ஊடும் குழி. எவனாவது இருக்கற ஊட்டுக்காரன் இனிமே நமக்குப் பொண்ணு குடுப்பானா, எடுப்பானா? குழிக்குக் குழி சம்பந்தம் பண்ணிக்கினாத்தான் உண்டு. உன் கைய நான் காப்பாத்தனன். என் கைய நீ காப்பாத்து."

"எங்கக்கா..."

"உங்கக்காவ நாங்க நல்லா வச்சிப்பம்."

"எங்க வச்சிப்பீங்க?"

மாமனின் கை மட்டும் நீட்டியபடி நின்றது, வியர்வை அக்குளில் வட்டமாக இறங்கியது. மேற்குப் பக்கத்திலிருந்து அருள்மணி திரும்பிப் பார்த்தான், நல்ல முகம், ஒன்றும் தெரியாத முகம். "இன்னும் என்னா மச்சான், ஊடு கண்ணுக்கு மாட்டலியா? ஓடு செவப்பா இருக்கும் பாரு, போன பொங்கலுக்குத்தான் மாத்தனம்," என்றான், பையன்கள் சிரித்தார்கள்.

"தெரியுதுன்னு சொல்லுடா," என்றார் மாமன். தம்பி, டா ஆகிவிட்டது. "கை வலிக்குது."

கீழே அப்பா சிமெண்ட் மானை விட்டு நகர்ந்து வெயிலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார், கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரத்திலிருந்தும் வாய் அசைவது தெரிந்தது, சொல்லு சொல்லு என்றுதான் அசைந்தது. அவருக்குப் பின்னால் பெண்கள், பெண்களுக்கு நடுவில் வளர்மதி; அவள் மட்டும் மேலே பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இன்றைக்குக் கல்கண்டு உண்டு, கல்யாணம் உண்டு, அம்மா அழுவாள், அப்பா நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடப்பார். சொல்லாவிட்டால் இரண்டு வேன், இரண்டு பக்கம், அப்புறம் அவளைக் கேட்டு எவனும் புதுச்செங்காட்டுக்கு வரப்போவதில்லை. இரண்டும் கொளஞ்சிக்குத் தெரிந்தது. காற்று வெள்ளைக் களியைக் கிளப்பி அவன் வாயில் போட்டது. துப்பினான். மாமனின் கை மெல்ல இறங்க ஆரம்பித்தது, மாமன் அதை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தார், அப்பா கீழேயிருந்து, "டேய்!" என்று கத்தினார். "தெரியுது" என்று சொல்லச் சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார், இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லி அக்கா அனுப்பியிருந்தாள். அவன் சொல்லவில்லை.